தொடங்கியதை முடித்தவர்: மிதிவண்டி வீரர் யோப் சூட்டமெல்க்

பந்தயத்தில் முதலில் வந்தவர் பெயர் நிற்கும். அடுத்து வந்தவர் பெயர் மறுநாளே மறையும். இஃது உலக வழக்கு. இவ்வழக்கிற்கு விலக்காக நிற்பவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் ஒல்லாந்து நாட்டு மிதிவண்டி வீரர் யோப் சூட்டமெல்க்.

மிதிவண்டிப் பந்தயங்களுள் தலையாயது 'டூர் டி பிரான்ஸ்' எனப்படும் பிரெஞ்சுச் சுற்று. அப்பந்தயத்தில் சூட்டமெல்க் ஆறு முறை இரண்டாம் இடம் பெற்றார். வேறெவரும் அத்தனை முறை இரண்டாமவராக வந்ததில்லை. ஒரே ஒரு முறை, 1980-ஆம் ஆண்டில், முதல் இடம் பெற்றார். அந்த ஒரு வெற்றியும் முன்னணியில் இருந்தவர் நோயுற்று விலகிய பின் வந்த வெற்றி. ஆகவே அது முழு வெற்றிதானா என்னும் வினா அன்றே எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் அவருடைய பந்தய வாழ்க்கை முழுவதையும் பார்த்தல் வேண்டும்.

பெயரும் ஊரும்

சூட்டமெல்க் 1946-ஆம் ஆண்டு திசம்பர் 3-ஆம் நாள் ஹேக் நகரில் பிறந்தார். லெய்டன் நகருக்கு அண்மையிலுள்ள ரைப்வெட்டரிங் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். ஒல்லாந்து மொழியில் 'சூட்ட' என்றால் இனிய. 'மெல்க்' என்றால் பால். மோராகத் திரியாத புதுப்பாலை அம்மக்கள் 'இனிய பால்' என வழங்கினர். நம் நாட்டுக் குடிப்பெயர்களில் தொழிலும் ஊரும் ஒட்டியிருப்பது போலவே, மாடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த நாட்டில் ஒருவர் குடிப்பெயரில் பால் ஒட்டிக்கொண்டது வியப்பன்று.

இளமையில் அவர் தச்சு வேலை செய்தார். குளிர்காலத்தில் கால்வாய்கள் உறையும் நாடு அது. அங்குள்ள பிள்ளைகள் நடக்கப் பழகியதும் பனிச்சறுக்கப் பழகுவர். சூட்டமெல்க்கும் முதலில் பனிச்சறுக்கில் விரைந்து செல்பவராகவே வட்டாரத்தில் அறியப்பட்டார். பின்னரே லெய்டன் நகர மிதிவண்டிக் கழகம் ஒன்றிற் சேர்ந்தார். பனிச்சறுக்கிலும் மிதிவண்டியிலும் உழைப்பவை பெரும்பாலும் ஒரே தொடைத் தசைகளே. ஆதலின் ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தேறுதல் அந்நாட்டில் புதிதன்று.

1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில், நால்வர் சேர்ந்து ஏறத்தாழ 100 கி.மீ. ஓட்டும் அணிப்போட்டியில் ஒல்லாந்து அணி தங்கப்பதக்கம் பெற்றது. அந்நால்வருள் சூட்டமெல்க் ஒருவர். அதே ஆண்டில் யான் யான்சன் என்பவர் பிரெஞ்சுச் சுற்றை வென்ற முதல் ஒல்லாந்தர் ஆனார். அடுத்த ஆண்டு, இளைஞருக்கென நடைபெறும் 'எதிர்காலச் சுற்று' என்னும் பந்தயத்தில் சூட்டமெல்க் வென்றார். 1970-இல் ஊதியம் பெறும் வீரராகத் தொழிலில் இறங்கினார்.

பந்தயத்தின் அமைப்பு

பிரெஞ்சுச் சுற்று ஒரு நாட் பந்தயம் அன்று. மூன்று வாரம் நடைபெறுவது. நாளுக்கு ஒரு கட்டமாக இருபதுக்கு மேற்பட்ட கட்டங்கள்; மொத்தத் தொலைவு மூவாயிரம் கி.மீ.க்கு மேல். ஒவ்வொரு கட்டத்திலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே முன்னணி வீரர். 1919-ஆம் ஆண்டு முதல் அவருக்கு மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. ஒரு கட்டத்திலும் முதலாவது வராமலே மொத்தப் பந்தயத்தையும் ஒருவர் வெல்லக் கூடும். ஒரு நாள் விழுந்தால் மூன்று வார உழைப்பும் வீணாகக் கூடும்.

கட்டங்களும் ஒரு தன்மையன அல்ல. சில சமவெளியில் ஓடுவன. சில ஆல்ப்சு, பிரனீசு மலைகளில் ஏறுவன. சில ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடுவன. இந்த மூன்றிலும் தேர்ந்தவரே இறுதியில் நிலைப்பார்.

காற்றும் நிழலும்

சூட்டமெல்க்கைக் குறை கூறியவர்கள் அவரை 'சக்கரத்தில் ஒட்டிக்கொள்பவர்' என்றனர். இது ஒல்லாந்து மொழியில் வழங்கும் பழிச்சொல். எடி மெர்க்ஸ் என்னும் பெல்சிய நாட்டுப் பெருவீரர் பின்னே அவர் எப்போதும் ஓட்டியதால், 'வெயிலில் மூன்று வாரம் திரிந்தும் இவர் மேனி கருக்கவில்லையே, ஏன்? மெர்க்சின் நிழலிலேயே இருந்தார் அல்லரோ' என்று ஒரு நகைச்சொல்லும் பரவியது.

இப்பழியை விளங்கிக்கொள்ளக் காற்றின் இயல்பை அறிதல் வேண்டும். சமவெளியில் மணிக்கு 40 கி.மீ. விரைவில் செல்லும் வீரனின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. விரைவு இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன் செல்பவர் காற்றைப் பிளந்துவிட்ட வழியில் பின் செல்பவர்க்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். கடற்காற்று ஓயாத ஒல்லாந்து நாட்டில் இக்கலை சிறுவர்க்கும் தெரியும். பக்கவாட்டில் காற்று வீசும்போது சாலையின் குறுக்கே சாய்ந்த வரிசையாக ஓட்டுவர். அவ்வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் 'விசிறி'.

ஆனால் பின்னொட்டிச் செல்லும் ஒருவர் எங்கெங்கு வெல்ல முடியாது என்பதையும் பார்த்தல் வேண்டும். செங்குத்தான மலையில் விரைவு குறைவு. ஆதலின் காற்றின் எதிர்ப்பும் குறைவு. பின் செல்வதால் வரும் ஆதாயமும் சிறிதே. அங்கே உடல் எடையைத் தூக்கிச் செல்லும் ஆற்றலே வெல்லும். தனித்து ஓட்டும் கட்டத்திலோ ஒட்டிக்கொள்ள முன்னே சக்கரமே இல்லை.

இவ்விரண்டிலும் சூட்டமெல்க் வென்றிருக்கிறார். ஆல்ப்சு மலையிலுள்ள ஆல்ப் தூயேஸ் என்னும் இடத்துக்குச் செல்லும் சாலை 21 கொண்டையூசி வளைவுகள் கொண்டது. ஏறத்தாழ 14 கி.மீ. நீளம் ஏறுவது. அம்மலையில் 1976-இலும் 1979-இலும் அவர் முதல்வராக ஏறினார். 1976 முதல் 1989 வரை எட்டு முறை ஒல்லாந்து வீரர்கள் அங்கு வென்றதால், குன்றென்று சொல்லத்தக்கதே அரிதாக உள்ள ஒரு நாட்டின் பெயரால் அம்மலை 'ஒல்லாந்தர் மலை' எனப்பட்டது. அவ்வரிசையைத் தொடங்கி வைத்தவர் சூட்டமெல்க்.

தனித்து ஓட்டுவதிலும் அவர் குறைந்தவர் அல்லர். 1973-ஆம் ஆண்டுச் சுற்று அவர் பிறந்த ஹேக் நகரை அடுத்த கடற்கரையூரான சேவனிங்கனில் தொடங்கியது. முன்னோட்டமாக நடந்த குறுந்தொலைவுத் தனியோட்டத்தில் பிரெஞ்சு வீரர் ரெமோன் பூலிதோரை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வென்று, தம் மக்கள் முன்னிலையில் அவர் மஞ்சட் சட்டை அணிந்தார். பிரான்சு நாடே போற்றிய பூலிதோர் தம் வாழ்நாள் முழுவதும் அச்சட்டையை ஒரு நாளும் அணியவில்லை என்பது நினைக்கத்தக்கது.

இரு மலைகளுக்கிடையே

அவ்வாறாயின் ஆறு முறை இரண்டாமவரானது ஏன்? அவர் வாழ்ந்த காலமே காரணம். பிரெஞ்சுச் சுற்றை ஐந்து முறை வென்றவர்கள் மிகச் சிலர். அவருள் இருவருடைய காலமும் சூட்டமெல்க்கின் காலமும் ஒன்றாயின. அவர் முதற் சுற்றில் இறங்கிய 1970-இல் மெர்க்ஸ் தம் ஆற்றலின் உச்சியில் இருந்தார். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெர்க்ஸ் முதல்வர், சூட்டமெல்க் இரண்டாமவர். மெர்க்ஸ் தளர்ந்த பின் 1976-இல் பெல்சிய நாட்டு மலையேற்ற வீரர் லூசியன் வான் இம்ப் முந்திக்கொண்டார். 1978-இல் பிரான்சின் பெர்னார் இனோ தோன்றினார், 1978, 1979, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இனோ முதல்வர், சூட்டமெல்க் இரண்டாமவர்.

1979-ஆம் ஆண்டின் இறுதிநாட் காட்சி பலரும் நினைவு கூர்வது. பாரிசு நகருக்குள் நுழையும் கடைசிக் கட்டத்தில் முன்னணி வீரரைத் தாக்குவது வழக்கமன்று. சூட்டமெல்க் அன்றும் தாக்கினார். இனோ உடன் வந்தார். முதலிருவரும் மற்றெல்லோரையும் பின்னே விட்டுச் சாம்ப்சு எலிசே பெருவீதியில் இருவராகவே வந்து சேர்ந்தனர். இறுதி விரைவில் இனோ வென்றார். தோல்வி உறுதியான பின்னும் கடைசி நாள்வரை முயல்வது சூட்டமெல்க்கின் இயல்பு.

1974: உயிருக்கு வந்த இடர்

இக்கணக்கில் சேராத ஓர் ஆண்டு உண்டு. 1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் யாரையும் வெல்லத்தக்க நிலையில் இருந்தார். 'பாரிசு-நீசு' முதலிய பந்தயங்களை அடுத்தடுத்து வென்றார். மே மாதம் தென் பிரான்சில் நடந்த 'மிடி லீப்ர்' பந்தயத்தில், ஒரு கட்டத்தின் முடிவிடத்தருகே நிறுத்தி வைத்திருந்த மகிழுந்து ஒன்றில் மோதினார். மண்டையோடு பிளந்தது. உயிர் பிழைப்பாரோ என்று ஐயுற்ற நிலை. மறு ஆண்டு மீண்டும் 'பாரிசு-நீசு' வென்றார். அதன்பின் மூளையுறை அழற்சி நோய் கண்டது. அதிலிருந்தும் எழுந்து அவ்வாண்டுச் சுற்றில் நான்காம் இடம் பெற்றார். தலைக்காயத்தால் சுவையுணர்வு குன்றியது. அது முழுமையாகத் திரும்பவில்லை. பெயரிலேயே இனிமையைத் தாங்கியவருக்கு நாவின் இனிமை குறைந்துபோனது.

1970 முதல் 1986 வரையிலான பதினேழு ஆண்டுகளில் அவர் பிரெஞ்சுச் சுற்றில் இறங்காத ஆண்டு இந்த 1974 ஒன்றுதான்.

1980: வினாவுக்குரிய வெற்றி

1980-ஆம் ஆண்டு சூட்டமெல்க் பீட்டர் போஸ்ட் என்பவர் நடத்திய 'டி.ஐ.-ரேலி' அணியிற் சேர்ந்தார். 'ரேலி' மிதிவண்டி மலாயாவில் ஒரு காலத்தில் வீடுதோறும் அறிந்த பெயர். 'டி.ஐ.' என்னும் இரண்டு எழுத்தும் தமிழர்க்குப் புதியவை அல்ல. அதே ஆங்கிலக் குழுமம் முருகப்பா குடும்பத்தாரோடு கூடி 1949-இல் தோற்றுவித்ததே அம்பத்தூர் 'டி.ஐ. சைக்கிள்ஸ்' தொழிலகம். ஒல்லாந்தர் நிறைந்த இவ்வணி கட்டுக்கோப்புக்குப் பெயர் பெற்றது. முன்னாளில் தனித்து உழைத்த சூட்டமெல்க்குக்கு முதன்முறையாக வலிமை மிக்க துணை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33.

பந்தயம் செருமனியின் பிராங்பர்ட் நகரில் தொடங்கியது. மழையும் குளிரும் கடுமையாயின. வட பிரான்சின் கல் பாவிய சாலைகளில் ஓட்டியபின் இனோவின் முழங்காலில் வலி கண்டது. 11-ஆம் கட்டமாகிய தனியோட்டத்தில் சூட்டமெல்க் வென்றார், இனோ பின்தங்கினார். ஆயினும் கூட்டுக் கணக்கில் இனோ 21 நொடி முந்தியிருந்தமையால் மஞ்சட் சட்டை அவருக்கே வந்தது. பிரனீசு மலையடிவாரத்துப் போ நகரை அடைந்த இரவு, மறுநாள் மலைகளில் ஏற இயலாதென உணர்ந்து இனோ பந்தயத்திலிருந்து விலகினார்.

மறுநாட் காலை மஞ்சட் சட்டை சூட்டமெல்க்குக்கு உரியதாயிற்று. அவர் அதை அணியவில்லை. அந்த நாளின் கட்டத்தை முடித்த பின்னரே அணிந்தார். பிறகு பாரிசு வரை அதைக் கழற்றவில்லை. இறுதித் தனியோட்டத்தையும் அவரே வென்றார். தம் நாட்டவரான ஹென்னி குயிப்பரை 6 நிமிடம் 55 நொடி முந்திச் சுற்றை வென்றார். யான்சனுக்குப் பின் இப்பந்தயத்தை வென்ற இரண்டாம் ஒல்லாந்தர் அவர். மூன்றாமவர் இன்னும் தோன்றவில்லை.

இனோ விலகியிராவிட்டால் சூட்டமெல்க் வென்றிருப்பாரா என்று கேட்டவர் பலர். உடல் நலமும் தாங்கும் வலிமையும் இப்பந்தயத்தின் பகுதிகளே; அவை தமக்கு இருந்தன, இனோவுக்கு இல்லை என்னும் பொருள்பட அவர் விடை கூறினார். அவ்விடை தன்னலம் கருதிய விடையா, நேர்மையான விடையா?

இதை அளக்க ஒப்புமை ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு சுற்றில் இசுபெயின் நாட்டு லூயிசு ஓகான்யா மெர்க்சை ஏழு நிமிடத்துக்கு மேல் முந்தி மஞ்சட் சட்டையில் இருந்தார். பிரனீசு மலையில், மாந்தே கணவாயின் இறக்கத்தில், இடியும் ஆலங்கட்டி மழையும் கொட்டும்போது மெர்க்ஸ் வழுக்கினார், ஓகான்யாவும் விழுந்தார். மெர்க்ஸ் எழுந்து சென்றார். ஓகான்யா எழ முயன்றபோது பின்னே வந்த வீரர் ஒருவர் நிறுத்த மாட்டாது அவர்மீது மோதினார். மோதியவர் வேறு யாருமல்லர், சூட்டமெல்க்கே. ஓகான்யா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுநாள் மெர்க்சும் மஞ்சட் சட்டையை அணிய மறுத்தார். பின்னர்ச் சுற்றை வென்றார். அவருடைய ஐந்து வெற்றிகளை எண்ணும்போது 1971-ஐ விட்டுவிட்டு நான்கு என்று எவரும் எண்ணுவதில்லை.

ஒரே செயல், ஒரே பெருந்தன்மை, ஒரே முடிவு. ஆயினும் ஒருவர் வெற்றி ஐயமின்றி நிற்கிறது; மற்றவர் வெற்றிக்கு ஓர் 'ஆனால்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து முறை வென்றவர்க்கு ஓர் ஐயத்தின் பயனை உலகம் எளிதில் அளிக்கிறது. ஒரு முறை வென்றவர்க்கு அளிப்பதில்லை. இது நடுவுநிலை அன்று.

மறைக்கலாகாத கறை

நடுவுநிலை என்று பேசும்போது மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். நலம் குன்றாத இனோவைச் சூட்டமெல்க் பிரெஞ்சுச் சுற்றில் ஒரு முறையும் வென்றதில்லை. மேலும், 1977-ஆம் ஆண்டுச் சுற்றிலும் 1979-ஆம் ஆண்டுச் சுற்றிலும் தடை செய்யப்பட்ட மருந்து உட்கொண்டமை சோதனையில் வெளிப்பட்டு அவர்க்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1979-இல் அவர் நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டப்பட்டது. மூன்றாமவர் வெகு தொலைவு பின்தங்கியிருந்தமையால் இரண்டாம் இடம் மட்டும் தப்பியது. 1983-இலும் அத்தகைய முடிவு வந்தது. அதை அவர் எதிர்த்து வாதிட்டார். அக்காலத்தில் பிடிபட்டவர் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. நேரத் தண்டனையோடு ஓட்டத்தைத் தொடர்வர். மெர்க்ஸ் உட்பட அக்காலப் பெருவீரர் பலரும் இவ்வகையில் பிடிபட்டுள்ளனர். இது விளக்கமே ஒழியச் சமாதானம் ஆகாது. அவர் வாழ்க்கையை எழுதுபவர் இதனையும் எழுதுதல் வேண்டும்.

முதுமையில் வந்த மகுடம்

1983-க்குப் பின் அவர் பிரெஞ்சுச் சுற்றில் முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. இனி ஓய்வு பெறுவார் என்றே எல்லாரும் கருதினர். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இத்தாலியின் சியாவெரா தெல் மொந்தெல்லோ என்னுமிடத்தில் உலகப் பட்டப் பந்தயம் நடந்தது. முடிவிடம் நெருங்கியபோது முன்னணிக் குழுவில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டும் இத்தாலியின் மொரேனோ அர்ஜென்டினும் இருந்தனர். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கிக் காவல் காத்தனர். முதியவரான சூட்டமெல்க்கை எவரும் நோக்கவில்லை. அவர் தனியே பாய்ந்து சென்றார். யார் துரத்துவது என்று மற்றவர்கள் தயங்கிய சில நொடிகளே போதுமாயின. பிறர் சக்கரத்தில் ஒட்டிக்கொள்பவர் என்று பழிக்கப்பட்டவர், ஒருவரும் ஒட்டமாட்டாத தொலைவில் தனியே எல்லையைக் கடந்தார்.

அப்போது அவருக்கு வயது 38. 39 நிரம்ப மூன்று மாதமே குறை. அத்தனை வயதில் ஆடவர் சாலைப் பந்தய உலகப் பட்டம் பெற்றவர் பிறர் இலர். 2018-இல் இசுபெயின் வீரர் அலெகாந்த்ரோ வால்வெர்தே 38 வயதில் அப்பட்டத்தை வென்றபோதும், சில மாத வேறுபாட்டில் சூட்டமெல்க்கே மூத்தவராக நின்றார். 1987-ஆம் ஆண்டு, 40 வயதில், தம் நாட்டின் பெரும் பந்தயமாகிய 'ஆம்சுடல் தங்கப் பந்தய'த்தை வென்று, அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

பதினாறுக்குப் பதினாறு

அவர் கணக்கில் இன்னும் ஓர் எண் உண்டு. பிரெஞ்சுச் சுற்றில் அவர் இறங்கியது 16 முறை. முடித்தது 16 முறை. விழுந்த ஆண்டும் உண்டு. தண்டிக்கப்பட்ட ஆண்டும் உண்டு. முப்பதாவதாக வந்த ஆண்டும் உண்டு. இடையில் விட்டு வீட்டுக்குத் திரும்பிய ஆண்டு இல்லை. பதினாறு முறை முடித்த அருஞ்செயலைப் பிரெஞ்சு வீரர் சில்வான் சவனெல் 2018-இல் எட்டினார். ஆயினும் அவர் இறங்கியது 18 முறை. சூட்டமெல்க் அச்சுற்றுகளில் கடந்த மொத்தத் தொலைவு 62,000 கி.மீ.க்கு மேல், நிலவுலகை ஒன்றரை முறை வலம் வந்ததற்கு ஒப்பாகும்.

1980-ஆம் ஆண்டின் வினாவுக்கு விடை இவ்வெண்ணில்தான் இருக்கிறது. முன்னே சென்றவர் விலகிய நாளில் இரண்டாமிடத்தில் இருந்தவர் தற்செயலாக அங்கிருக்கவில்லை. பத்தாண்டுகளாக, 1974 நீங்கலாக, ஒவ்வொரு சூலை மாதமும் அவர் அவ்விடத்திலோ அதன் அண்மையிலோ இருந்தார். வாய்ப்பு அவரைத் தேடி வந்தது என்பர். அது வந்த நாளில் அவர் அங்கு நின்றிருந்தார் என்பதே பொருந்தும்.